பெரியவங்க கழுத்துலயும் ஒரு சென்சார் மாட்டிப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2015ல நம்ம சிங்கப்பூர்ல ஸ்கூல் பசங்க கழுத்துல சென்ஸ்ஜினு ஒரு சின்ன பெட்டிய மாட்டி விட்டாங்களே, ஞாபகம் இருக்கும். சூடு, ஈரப்பதம், சத்தம், வெளிச்சம், காத்தழுத்தம், அசைவுன்னு எல்லாத்தையும் அது அளந்துச்சு, எங்க இருக்காங்கன்றத சுத்தியிருக்கற வைஃபைய வச்சே கண்டுபிடிச்சாங்க. பஸ்ல போறாங்களா, ரயில்லயா, நடந்தான்னு பிரிச்சும் பாத்தாங்க. முதல் வருஷமே 40,000 பேருக்கு மேல போட்டுக்கிட்டாங்க. நல்ல விஷயம்தான், ஆனா பசங்களோட நிறுத்திட்டா எப்படிங்க? வயசான பெரியவங்க எப்படி நடமாடுறாங்கன்னும் பாக்க வேண்டாமா?

எங்க மாமியார் ட்ராலி தள்ளிக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போவாங்க, போனு ஃப்ரிட்ஜ் மேல சார்ஜ்ல கெடக்கும். பஸ், ரயில்ல தட்டுற ஈசிலிங்க் கார்டுக்குத் தெரியிறதெல்லாம் எங்க ஏறுனாங்க எங்க இறங்குனாங்கன்றது மட்டும்தான். நடுவுல நிழல் எங்க முடியுது, எந்தத் திண்டுல உக்காந்து மூச்சு வாங்குறாங்க, ஓவர்ஹெட் பிரிட்ஜ் படிக்குப் பயந்து எவ்ளோ தூரம் சுத்திப் போறாங்கன்றது எந்தக் கணக்குலயும் வராது. சர்வேல வந்து கேட்டாலும் "நடந்துதான் போனேன்"னு ஒரே வரில முடிச்சிருவாங்க. அந்தப் பெட்டிய மாட்டுனா, மேல ஏற ஏற குறையிற காத்தழுத்தமே படி ஏறுறத காட்டிக் குடுத்துரும், வெயில்ல நின்னத வெளிச்சமும் சூடும் சொல்லிரும்.

கையில கட்டுற வாட்ச் இதுக்கு சரிப்படாது, அத மொதல்லயே சொல்லிடறேன். ட்ராலிய புடிச்சுத் தள்ளுனா கை ஆடாது, அதனால ஸ்டெப் சரியா ஏறாது, மார்க்கெட் வரைக்கும் போய்ட்டு வந்தவங்கள பாதி நேரம் சும்மா உக்காந்திருந்தாங்கன்னு அது சொல்லும். கழுத்துலயோ இடுப்புலயோ மாட்டி, மெதுவா நடக்குறவங்க, கோல் ஊனி நடக்குறவங்க இவங்கள வச்சே டெஸ்ட் பண்ணணும். சீனியர் கார்டு தட்டுனா ரோடு கடக்க கூடுதல் நேரம் குடுக்குற கிரீன் மேன் பிளஸ் 2009லேர்ந்து இருக்கு, அடுத்து எந்த சிக்னல்ல வைக்கலாம்னு முடிவு பண்றவங்களுக்கு இந்த டேட்டா எவ்ளோ உதவும்!

பெரியவங்க ஒத்துக்குவாங்களான்னு கேப்பீங்க. 2020ல கோவிட் வந்தவங்க பக்கத்துல யாரெல்லாம் இருந்தாங்கன்னு கண்டுபிடிக்கக் குடுத்த ட்ரேஸ்டுகெதர் டோக்கன மொதல்ல வாங்கி மாட்டுனதே அவங்கதான். ஆனா அந்த டேட்டாவ போலீஸும் எடுக்கலாம்னு 2021 ஜனவரில தெரிஞ்சப்போ பலருக்கும் மனசு கசந்துச்சு, அப்பறம்தான் கடுமையான ஏழு வகைக் குற்றங்களுக்கு மட்டும்னு சட்டம் போட்டாங்க. இந்தத் தடவ அப்படி பின்னாடி ஓட வேண்டாம். டேட்டா யாருகிட்ட இருக்கும், எப்ப அழிப்பாங்க, வீடு எதுன்னு தெரியாம இருக்க வாசல்லேர்ந்து எவ்ளோ தூரத்த மறைப்பாங்கன்றத பெட்டிய குடுக்கறதுக்கு முன்னாடியே தமிழ்லயும் பெரிய எழுத்துல அச்சடிச்சுக் குடுங்க, மாமியாருக்கு நானே படிச்சுக் காட்றேன்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி