பதினைந்து பவுன் கருப்புத் தூசி

பாளையங்கோட்டை
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுவது. போனில் பேசினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். மாடிவீட்டுத் தம்பி போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான். பக்கம் மாறிவிடக் கூடாது என்று ஒவ்வொரு தாளின் மூலையிலும் நம்பர் போட்டிருக்கிறேன். பழக்கதோஷம்.

ஹூஸ்டனில் வானத்துக் கல்லையும் தூசியையும் பத்திரப்படுத்தும் உன் வேலையைப் பற்றி வியாழக்கிழமை நீ சொன்னது இன்னும் மனசில் கிடக்கிறது. "கட்டுரையெல்லாம் அவங்க பேர்லதான் வரும்மா. நான் டப்பாவில போட்டு, எடை பாத்து, சீட்டு எழுதுறவ. ஸ்டோர் கீப்பர்னு வச்சுக்கோயேன்." அந்த 'ஸ்டோர் கீப்பரை' நீ சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. உன் அம்மா முப்பத்தொரு வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் நின்றவள். ஒருநாள்கூட ஒரு வயிற்றை அறுத்ததில்லை. எடுத்துக் கொடுத்தேன், எண்ணினேன், எழுதி வைத்தேன். அதில்தான் நீ படித்தாய்.

உனக்குச் சொல்லாத கதை ஒன்று இருக்கிறது. நீ அப்போது மூன்றாம் வகுப்பு. எந்த ஆஸ்பத்திரி, யார் டாக்டர் என்பதெல்லாம் வேண்டாம். பெரிய வயிற்று ஆபரேஷன். மாப் என்போமே, உள்ளே வைத்து ரத்தத்தை ஒற்றும் தடித்த துணி, அது ஐந்தைந்தாகக் கட்டி ஆட்டோகிளேவில் கிருமி நீங்கி வரும். கட்டைப் பிரித்ததும் இரண்டு பேர் சத்தமாக எண்ண வேண்டும். அன்றைக்கு ஒரே அவசரம். கட்டின் மேல் '5' என்று எழுதியிருந்தது. நானும் எண்ணாமல் போர்டில் ஐந்து என்று எழுதினேன். நாலு கட்டு, இருபது. தையல் போடும் முன்பு எண்ணினால் பத்தொன்பது.

நாற்பது நிமிஷம், வயிறு திறந்தபடி. டாக்டர் உள்ளே கையை விட்டுத் தேடுகிறார். நாங்கள் பக்கெட்டைக் கவிழ்த்து, தரையில் முழங்காலிட்டுத் தேடுகிறோம். மயக்க டாக்டர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். கடைசியில் எக்ஸ்ரே எடுத்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகே மூடினார்கள். மறுநாள் மாப் மடிக்கும் அறைக்குப் போய் அதே தேதிக் கட்டுகளைப் பிரித்துப் பார்த்தேன். இன்னொன்றிலும் நாலுதான் இருந்தது. காணாமல் போனது மாப் இல்லை. நான் எண்ணாமல் விட்ட எண்தான். அந்த அம்மாள் நல்லபடியாக வீட்டுக்குப் போனாள். எனக்கு ஒரு மாசம் தூக்கம் வரவில்லை.

பென்னு என்ற குறுங்கோளில் தூசி அள்ளிய நாசா விண்கலம் ஒசைரிஸ்-ரெக்ஸின் பெட்டி 2023 செப்டம்பர் 24-ஆம் தேதி அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் இறங்கியதே, அதன் கதையை நீ சொன்னபோது எனக்கு இந்தப் போர்டுதான் ஞாபகம் வந்தது. முதலில் சின்னப் பாராசூட் விரிய வேண்டும், அது பெட்டியை நிதானப்படுத்தும், அப்புறம் பெரியது. ஆனால் வயர் வரைபடத்தில் 'மெயின்' என்ற ஒரே வார்த்தை இரண்டு இடத்தில் இரண்டு அர்த்தத்தில் இருந்திருக்கிறது. சிக்னல் அனுப்புகிற பக்கம் மெயின் என்றால் பெரிய பாராசூட். வாங்குகிற பக்கம் மெயின் என்றால் சின்னப் பாராசூட்டை வெளியே தள்ளும் வெடி. மெயினை மெயினோடு சேர்த்துவிட்டார்கள். சின்னது மடித்த மடிப்பிலேயே இருக்கும்போது அதை அறுத்துவிடச் சொல்லி உத்தரவு போய்விட்டது. நல்லவேளை, பெரிய பாராசூட் தனியாகவே பாரத்தைத் தாங்கி, ஒரு நிமிஷம் முந்தியே இறக்கிவிட்டது. ஏழு வருஷம் அலைந்து திரும்பிய பெட்டி, ஏட்டி! ஒரு சீட்டில் ஒரு வார்த்தை. இதைக் கேட்ட பிறகும் சீட்டு எழுதுகிறவளை மட்டமாகப் பேச உனக்கு வாய் வருகிறதா?

நீ முதலில் 121.6 கிராம் என்றபோது எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கிராம் என்றால் எனக்கு நகைக்கடைக் கணக்குதான். எட்டால் வகுத்தேன். பதினைந்து பவுன், மேலே ஒரு சின்னக் கம்மல். பென்னுவில் இருந்து வந்த மொத்தமே அவ்வளவுதான். ஜப்பான்காரர்கள் ரியுகு என்ற இன்னொரு குறுங்கோளில் இருந்து 2020 டிசம்பரில் கொண்டுவந்தது 5.4 கிராம், முக்கால் பவுனுக்கும் குறைவு. அதற்கு முன்னால் 2010-இல் அவர்களுடைய முதல் ஹயபுசா விண்கலம் கொண்டுவந்ததை எந்த நகைக்கடைத் தராசும் காட்டாது, ஒரு மில்லிகிராம்கூட இல்லை. டெஃப்ளான் கரண்டியால் பாத்திரத்தின் சுவரை வழித்து, மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாகத் தேடி, ஆயிரத்து ஐந்நூறு துகளுக்கு மேல் கணக்கெடுத்தார்களாம். ஜப்பானில் சகாமிஹாரா ஆய்வகத்தில் உட்கார்ந்து அதை எண்ணியவர்களின் கழுத்து வலியை நான் நினைத்துப் பார்க்கிறேன்.

நான் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரிப்பது அந்த ஸ்க்ரூ கதை. பக்கத்து வீட்டு டீச்சரிடம்கூடச் சொன்னேன். 2020 அக்டோபர் 20-இல் பென்னுவைத் தொட்டு அள்ளியபோது கல் வந்து மூடியில் மாட்டி, வாய் மூடாமல் தூசி வெளியே கொட்டிக்கொண்டே இருந்தது. இனி எடை பார்த்துக்கொண்டிருந்தால் இருப்பதும் போய்விடும் என்று, எவ்வளவு என்றே தெரியாமல் அவசரமாகப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். மூன்று வருஷம் கழித்து ஹூஸ்டனில் பெட்டியைத் திறந்தால், உள்ளே போகும் முன்பே வெளித்தட்டெல்லாம் கருப்புத் தூசி. அதுவும், உள்மூடியைக் கழற்றாமலே இடுக்கு வழியாக எடுத்ததும் சேர்ந்தே 70.3 கிராம். கேட்டிருந்ததே 60தான். ஆனால் உள்மூடியில் 35 ஸ்க்ரூ. 33 வந்துவிட்டது. இரண்டு வரமாட்டேன் என்று நின்றுகொண்டது.

நம் வீடு என்றால் உன் அப்பா சுத்தியலை எடுத்திருப்பார். அங்கே முடியாது. நைட்ரஜன் நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் கையுறை வழியாகக் கையை விட்டு வேலை. அனுமதி பெற்ற சாமான் தவிர வேறொன்றும் உள்ளே போகக் கூடாது. துருவிய இரும்புப் பொடி ஒரு துளி விழுந்தாலும் நாளைக்கு யாராவது அதை வானத்து இரும்பு என்று எழுதிவிடுவார்கள். அதனால் புதுசாகக் கருவி வடிவமைத்து, வேறோர் இடத்தில் ஒத்திகை பார்த்து, 2024 ஜனவரி 10-ஆம் தேதிதான் அந்த இரண்டையும் கழற்றினார்கள். மூன்றரை மாசம்! அந்தக் கருவியை எதில் செய்தார்கள் என்று கேட்டபோது நீ சொன்னாயே, காந்தம் ஒட்டாத சர்ஜிக்கல் ஸ்டீல், அந்தப் பெட்டிக்குள் அனுமதித்திருக்கும் உலோகங்களிலேயே கடினமானது அதுதான் என்று. எனக்குப் புல்லரித்துவிட்டது. ரத்தக்குழாயைக் கவ்விப் பிடிக்கும் என் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸின் உறவுக்காரன் ஒருவன் அங்கேயும் போயிருக்கிறான்.

இவ்வளவு பத்தியம் எதற்கு என்று உன் பெரியம்மா கேட்டாள். "வானத்துல இருந்து கல்லு தானா விழுதே, அதைப் பொறுக்கினாப் போதாதா?" நியாயமான கேள்விதான். நீ சொன்ன ஓர்கெய் கல்லைச் சொல்லிப் புரியவைத்தேன். பிரான்ஸில் 1864-இல் விழுந்தது. அதன் ஒரு துண்டுக்குள் விதை இருக்கிறது என்று நூறு வருஷம் கழித்துப் பார்த்தார்கள். பார்த்தால், எவனோ அந்தக் காலத்திலேயே கோரைப்புல் விதையை நிலக்கரித் தூளோடு பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறான்! அது குறும்பு, அதை விடு. குறும்பே இல்லாமல் நடப்பதுதான் பயம். விழுந்த கல் நம் காற்றின் ஈரத்தைக் குடிக்கும், துருப்பிடிக்கும், புது உப்புப் பூக்கும். அதே ஜாதியைச் சேர்ந்த ரியுகு மண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதானே, ஓர்கெய்யில் இருந்த சல்ஃபேட்டெல்லாம் பூமியில் வந்து சேர்ந்தது என்று தெளிவானது.

அந்த ரியுகுத் துகளிலேயே ஒன்றில், A0180 என்றாய், லண்டனில் ஆராய்ச்சிக்குத் தயார் செய்தபோது நூல் நூலாக ஏதோ முளைத்தது. வாரக்கணக்கில் கூடி, அப்புறம் குறைந்தது. கூடிக் குறைவது உயிர். நம் ஊர்க் கிருமிதான் ஏறி உட்கார்ந்திருக்கிறது. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. முப்பத்தொரு வருஷம் அந்த எதிரியோடுதான் குடித்தனம். ராத்திரி தியேட்டரில் கிருமி வளர்க்கும் கல்ச்சர் பிளேட்டைத் திறந்து வைத்துவிட்டு, காலையில் மூடி லேபுக்கு அனுப்புவோம், காற்றில் என்ன மிதக்கிறது என்று அது சொல்லும். உங்களிடமும் அப்படி 'சாட்சித் தட்டு' இருக்கிறது என்றாயே. விண்கலம் கட்டும்போதே வைத்து, அதைத் தொட்டது, அதன்மேல் படிந்தது எல்லாவற்றுக்கும் கணக்கு. நைலானில் இருந்து அமினோ அமிலச் சாயல் வரும் என்று நைலானையே தள்ளி வைத்திருக்கிறார்கள். இதைச் செய்தவர்கள் எவரும் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

அந்தப் பத்தியத்துக்குப் பலன் 2025 ஜனவரியில் வந்தது. உயிர்கள் புரதம் கட்டப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலத்தில் 14 பென்னுத் தூசியில் இருந்தன. மரபணு எழுத்துகள் ஐந்தும் இருந்தன. நீ போனில் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. எனக்குப் பிடித்தது அந்த இடது கை, வலது கை விஷயம். ஒரே அமிலம் கையுறை மாதிரி இரண்டு வடிவத்தில் இருக்குமாம். பூமியில் உயிர்கள் எல்லாமே இடது கைப் பக்கம். பென்னுவில் இரண்டும் ஏறக்குறைய சமம். நம் வியர்வையோ கிருமியோ கலந்திருந்தால் இடது கூடியிருக்கும். அப்படியானால், யார் கையும் படவில்லை என்பதற்குத் தூசியே சாட்சி சொல்லிவிட்டது. அந்தக் கட்டுரைகளில் உன் பேர் இல்லாவிட்டால் என்ன, உன் கை படாதது அதில் இருக்கிறதே.

உப்பு விஷயம் இன்னும் நெருக்கமானது. பென்னுவின் தாய்க் கல்லுக்குள் ஒரு காலத்தில் உப்புத் தண்ணீர் தேங்கி, வற்றி, படிப்படியாக உப்பு உறைந்திருக்கிறது. சாப்பாட்டு உப்பும் உண்டு, சோடியம் கார்பனேட் வகையும் உண்டு. அந்தக் காலத்தில் வெள்ளாவி வைக்க உவர்மண் எடுத்து வருவார்களே, அதில் இருக்கும் அதே காரம். நம் ஊர்த் தரையில் கோடைக்கு வெள்ளையாகப் பூக்கும், ஐப்பசி மழைக்குக் காணாமல் போகும். விழுந்த கல்லாக இருந்திருந்தால் இந்த உப்பும் அப்படித்தான் ஈரத்தில் கரைந்து போயிருக்கும். நைட்ரஜன் பெட்டிக்குள் மழைக்காலம் இல்லை, அதனால் தப்பித்தது. அப்புறம் டிசம்பரில் ரைபோஸ், குளூக்கோஸ் இரண்டும் கிடைத்ததென்றாய். குளூக்கோஸ்! நான் பாட்டில் பாட்டிலாக ஏற்றிய சாமான்.

வந்த பென்னுத் தூசியில் எழுபது சதவீதத்தை வருங்காலத்துக்கு எடுத்து வைத்துவிட வேண்டும் என்பதுதான் உனக்கு எரிச்சல் என்று தெரியும். கையில் வைத்துக்கொண்டு பார்க்காமல் இருப்பது. உன் தாத்தா ஆழ்வார்குறிச்சியில் விதைநெல்லை வைத்துக் கோட்டை கட்டியதை நீ பார்த்ததில்லை. வைக்கோல் பிரியைச் சுற்றிச் சுற்றி, பந்து மாதிரி உருட்டி, மேலே சாணி மெழுகிக் காயவைப்பார். காற்று புகாது. உலையில் அரிசி இல்லாத மாசமும் எங்கள் வீட்டில் வந்திருக்கிறது. கோட்டை பரணில் இருக்கும். ஆச்சி ஒருதரம் நிமிர்ந்து பார்ப்பாள், அப்புறம் பக்கத்து வீட்டில் நாழி அரிசி கடன் வாங்கப் போவாள்.

நிலாவில் இருந்து கொண்டுவந்த 382 கிலோ கல்லில் பெரும்பகுதி உங்கள் இடத்திலேயே இருக்கிறதென்றாய். 1972 டிசம்பரில் நிலாவில் அடைத்த ஒரு குழாயை 2022-இல்தான் திறந்தார்களாம். அடைத்தபோது இல்லாத மெஷின்கள், பிறக்காத பிள்ளைகள். உன் கையெழுத்து இருக்கும் சீட்டை எந்தப் பிள்ளை படிக்கப்போகிறதோ. '1'-ஐயும் '7'-ஐயும் ஒரே மாதிரி போடாதே, சின்ன வயசில் இருந்தே உனக்கு அந்தப் பழக்கம்.

அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. பெரியம்மா மகன் கல்யாணம் தை கடைசியில், நீ வர முடியாது என்று நானே சொல்லிவிட்டேன். பார்சல் போட்டிருக்கிறேன்: நார்த்தங்காய் ஊறுகாய், சுக்குப் பொடி, அப்பளம் ஆறு கட்டு. ஒவ்வொரு கட்டிலும் இருபத்தைந்து, இந்தத் தடவை பிரித்து எண்ணித்தான் கட்டினேன். ஊறுகாய் பாட்டில் மூடியை அப்பா முறுக்கி மூடியிருக்கிறார். திறக்க வரவில்லை என்றால் வெந்நீரில் கவிழ்த்து வை, மூன்றரை மாசமெல்லாம் எடுக்காதே.

அம்மா