மஞ்சள் பொடியோடு ஐந்து வருடம்: என் நன்றி

போன வாரம் என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு முடிந்தது. அங்கே நன்றி சொல்லக் கிடைத்த நேரம் போதவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

வெயில், தண்ணீர், காற்று மூன்றையும் வைத்து ஹைட்ரஜன் பெராக்சைடு செய்யும் ஒளிவினையூக்கியை, அதாவது ஒளி பட்டால் வேதிவினையைத் தூண்டும் பொருளை, வடிவமைப்பதுதான் என் ஆய்வு. புண் கழுவ மருந்துக்கடையில் வாங்குகிறோமே, அதே பெராக்சைடுதான். இன்று பெரும்பகுதியை ஆந்த்ராகுவினோன் முறையில், ஹைட்ரஜன் வாயுவும் பலேடியமும் கரைப்பான்களுமாகப் பெரிய ஆலைகளில் செய்து, அடர்த்தியாக்கி, லாரியில் ஏற்றுகிறார்கள். தண்ணீர் சுத்தம் செய்ய நீர்த்த கரைசலே போதும், அதைத் தேவைப்படும் இடத்திலேயே செய்துகொள்ள முடிந்தால் எவ்வளவு நல்லது!

முதல் நன்றி சீனியர் அக்காவுக்கு. யூரியாவை 550 டிகிரியில் சுட்டுக் கிடைத்த மஞ்சள் நிறக் கார்பன் நைட்ரைடு பொடியை, எத்தனால் கலந்த தண்ணீரில் போட்டு விளக்கடியில் வைத்தேன், பெராக்சைடு அள்ளிக்கொண்டு வந்தது. அக்கா கேட்டது ஒன்றுதான்: "எத்தனால் இல்லாம போட்டுப் பாத்தியா?" போட்டேன். அளக்கக்கூட முடியாத அளவு. ஒளி பட்டதும் பொடிக்குள் எலக்ட்ரானும், அது விட்டுப்போன காலியிடமான துளையும் பிரிகின்றன, துளைகளை எத்தனால் வாங்கிக்கொண்டதால்தான் எலக்ட்ரான்கள் ஆக்சிஜனிடம் போய்ச் சேர்ந்திருக்கின்றன, வெறும் தண்ணீரில் இரண்டும் திரும்பச் சேர்ந்து வீணாகிவிட்டன. அந்தக் கேள்வி வராமல் இருந்தால் எத்தனாலை எரித்துச் செய்ததைச் சூரியன் செய்ததாக எழுதியிருப்பேன். அப்புறம் மூன்று வருடம் வெறும் தண்ணீரில்தான் வேலை.

அந்த மூன்று வருடமும் அவசரப்படுத்தாத நெறியாளர் ஐயாவுக்கு என்ன சொல்ல! ஆக்சிஜன் இரண்டு எலக்ட்ரானை வாங்கினால் பெராக்சைடு, நான்கு வாங்கினால் வெறும் தண்ணீர், இரண்டோடு நிறுத்துவதுதான் வடிவமைப்பே என்று சலிக்காமல் சொல்லித்தந்தார். நான் சோர்ந்திருந்த நாளில், ஒசாகா பல்கலைக்கழகத்தார் 2019-இல் வெளியிட்ட, ரெசின் என்னும் பிசின் வகையால் ஆன ஒளிவினையூக்கி பற்றிய கட்டுரையை மேசையில் வைத்துவிட்டுப் போனார். எத்தனால் எதுவும் இல்லாமல், வெயிலின் ஆற்றலில் 0.5 சதவீதத்தைப் பெராக்சைடாகச் சேமித்திருந்தார்கள். அன்றிரவு அதை இரண்டு முறை படித்தேன்.

குவார்ட்ஸ் குடுவையை மூன்று தடவை ஊதித்தந்த கண்ணாடிப் பட்டறை அண்ணனுக்கு நன்றி. ஆர்கான் வாயு விட்டு ஆக்சிஜனை வெளியேற்றி, விடிய விடிய உட்கார்ந்து, ஆக்சிஜன் இல்லாவிட்டால் பெராக்சைடும் இல்லை என்று காட்டிய தம்பிக்கும் நன்றி. நீ எடுத்த அந்த வெற்று அளவுதான் தேர்வில் என்னைக் காப்பாற்றியது. எத்தனை மணிக்கு வந்தாலும் சோறு எடுத்துவைத்த அம்மாவுக்கும்.

மீதி மஞ்சள் பொடி அலமாரியில் இரண்டாம் தட்டில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். சுட்ட தேதியும் எடையும் புட்டி மேலேயே எழுதியிருக்கிறேன்.