கச்சத்தீவும் கிளை நூலகமும்

ஆசிரியருக்கு,

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஞாயிறுதோறும் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி உலக விவகாரம் பேசுகிறோம். போன வாரம் கச்சத்தீவு. வழக்கம்போல தீவை இலங்கைக்கு யார் தாரைவார்த்தது என்றுதான் ஆரம்பித்தது. அப்புறம் ஒருவர் ஒப்பந்த நகலை எடுத்து வாசித்தார். நம் மீனவர்கள் தீவுக்குப் போய்வரலாம் என்கிறது 1974 ஒப்பந்தம். இலங்கைக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்பது 1976 கடிதப் பரிமாற்றத்தில் வருகிறது. பாதிப் பேருக்கு இது புதுசு. நம் இழுவைப் படகுகளால் வலை அறுந்து தவிப்பதும் யாழ்ப்பாணத்துத் தமிழ் மீனவர்கள்தான் என்றதும் சத்தம் அடங்கியது. டிவி விவாதத்தில் அப்படியோர் அமைதியை நான் பார்த்ததில்லை.

ஐந்தரைக்கே நூலகத்தைப் பூட்டிவிடுகிறார்கள். மீதியை டீக்கடை வாசலில் நின்று பேசுகிறோம். ஞாயிறு மட்டுமாவது ஏழு மணி வரை திறந்து வைக்கக் கூடாதா?

– ஒரு வாசகர், ராமநாதபுரம் மாவட்டம்