நேரு வீதித் தொலைக்காட்சிக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

புதுச்சேரி நேரு வீதியிலும் அண்ணா சாலையிலும் தொலைக்காட்சிப் பெட்டி விற்கும் வணிகப் பெருமக்களுக்கு வணக்கம்.

கடலூரிலிருந்தும் பாகூரிலிருந்தும் உங்கள் கடைகளை நம்பிப் பேருந்தேறி வருகிறவர்களில் ஒருவன் என்ற உரிமையில் ஒரு கோரிக்கை வைக்கிறேன். காட்சிக்கு வைத்திருக்கும் பெட்டிகளில் ஒன்றுக்காவது சாதாரண கேபிள் இணைப்பைக் கொடுத்து, எட்டடி தள்ளி நின்று பார்க்க எங்களை விடுங்கள்.

இப்போது சுவர் முழுக்க ஓடுவது 4கே என்னும் மிக நுண்ணிய படத்தரத்திலேயே எடுத்த விளம்பரப் படம். கிளியின் இறகு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிய, வாங்க வந்தவர் இரண்டடி தூரத்தில் நின்று வியக்கிறார். வீட்டில் செட்டாப் பாக்ஸை மாட்டியதும், அதே திரையில் செய்தி வாசிப்பவரின் தலைமுடி மை பூசியதுபோல் ஒட்டிக்கொள்கிறது. கீழே ஓடும் எழுத்துகளின் ஓரம் பிசிறடிக்கிறது. பந்து பவுண்டரிக்கு ஓடும்போது புல்தரை கட்டங்கட்டமாக உடைகிறது. பெட்டியில் பழுதில்லை. எஸ்.டி. எனும் சாதாரணத் தரச் சேனலில் வருவது 720க்கு 576 புள்ளிகளே (பிக்சல்கள்). 3840க்கு 2160 புள்ளிகள் கொண்ட 4கே திரை, வந்த ஒரு புள்ளியை வைத்து இருபது புள்ளிகளுக்கான இடத்தை ஊகித்து நிரப்புகிறது.

தூரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 43 அங்குல ஃபுல் எச்.டி. (1920க்கு 1080 புள்ளிகள்) திரையில் ஒரு புள்ளியின் அகலம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். குறையில்லாத கண்ணும் ஆறடிக்கு அப்பால் அதைத் தனியே பிரித்தறிவது கடினம். எட்டடி தள்ளி நாற்காலி போடும் கூடத்தில், அந்த அளவுப் பெட்டியில் 4கேயின் கூடுதல் புள்ளிகள் கண்ணுக்கு எட்டுவதில்லை. 65 அங்குலம் வாங்குபவருக்கும், நெருங்கி அமர்ந்து இணையத்தில் 4கே படம் பார்ப்பவருக்கும் அவை நிச்சயம் பயன்படும். (55 அங்குலத்தில் 4கே அல்லாத பெட்டியைத் தேடினாலும் இன்று கிடைப்பது அரிது என்பது வேறு.) மற்றவர்களுக்குக் கறுப்பு கறுப்பாகத் தெரிகிறதா, முகத்தின் நிறம் இயல்பாக இருக்கிறதா என்பவையே முக்கியம் என்பது என் கருத்து.

‘4கே சப்போர்ட்’ என்ற ஒட்டுத்தாளும் குழப்புகிறது. 4கே படத்தை ஏற்றுக்கொள்ளும் பெட்டியின் திரை வெறும் ஃபுல் எச்.டி.யாகவோ, 1366க்கு 768 புள்ளிகள் கொண்ட எச்.டி. ரெடியாகவோ இருக்கலாம். எனவே திரையின் உண்மையான புள்ளிக் கணக்கை விலைச்சீட்டிலேயே எழுதி வையுங்கள்.

தீபாவளி விற்பனை தொடங்குமுன் இவற்றைச் செய்தால் பேருதவி. ரிமோட்டையும் எங்கள் கையில் கொடுங்கள்; நிறத்தைத் தூக்கிக் காட்டும் ‘விவிட்’ அமைப்பில் வைத்திருப்பதை இயல்பான ‘சினிமா’ அமைப்புக்கு மாற்றி நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பம் வாடிக்கையாளர் ஒருவர்