தலை ஆட்டமா, வால் ஆட்டமா?

அயனாவரம்,
ஞாயிறு காலை.

பாப்பாவுக்கு,

போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டித்தான் கேட்பாயாம், உன் தம்பி சொன்னான். அதனால் தாளில் எழுதுகிறேன். அவன் படம் பிடித்து அனுப்புவான். கையெழுத்து புரியாத இடத்துக்கு மட்டும் கூப்பிடு.

பெங்களூருக்கு மோட்டார் சைக்கிளில் போனபோது வண்டி ஆடியது பற்றி வியாழக்கிழமை ராத்திரி நீ சொன்னதை எல்லாம் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வைத்திருக்கிறேன். ஆம்பூர் தாண்டி, சுங்கச்சாவடிக்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தாய். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்க இடது கையை எடுத்தாய். 65 வாக்கில் ஹேண்டில்பார் தடதடவென்று உதறியது. கையை வைத்ததும் அடங்கிவிட்டது. அப்புறம் கிருஷ்ணகிரி தாண்டி, சூளகிரிக்கு முன்னால், 95-ல் ஒரு லாரியை முந்தும்போது பின்பக்கம் மெதுவாக இப்படியும் அப்படியும் நீந்தியது. அப்போது ஹேண்டில் உதறவில்லை.

நீ இரண்டையும் ஒரே மூச்சில் "வண்டி ஆடுதுப்பா" என்று சொல்லிவிட்டாய். அங்கே மெக்கானிக்கிடமும் அதைத்தான் சொல்லியிருப்பாய். அவரும் டயர் இரண்டு, முன் சக்கரத்தைத் தாங்கும் போர்க், பின் ஷாக், போதாததற்கு ஹேண்டில் உதறலை அடக்க ஒரு ஸ்டியரிங் டாம்பர் என்று எல்லாவற்றையும் கூட்டி ஒரு தொகை சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வயிற்றுவலி, தலைவலி இரண்டையும் "உடம்பு சரியில்லை" என்று சொன்னால் டாக்டரும் எல்லா டெஸ்ட்டும்தான் எழுதுவார்.

உதறல் வேறு, நீச்சல் வேறு. முன்னது தலை ஆட்டம். ஒரு நொடிக்குள் ஏழெட்டுத் தடவை ஆடும், கையில் தெரியும். பின்னது வால் ஆட்டம். நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான், இடுப்பில் தெரியும். தலை ஆட்டத்துக்கு முன் டயர், முன் சக்கரம், கோன்செட் (ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங்), போர்க் என்று முன்னால் தேட வேண்டும். வால் ஆட்டத்துக்குச் சுமை, பின் ஷாக், பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மின் புஷ், பின் டயர். ஒன்றின் குறை இன்னொன்றிலும் கொஞ்சம் தெரியும், ஆனாலும் தேடத் தொடங்கும் இடம் இதுதான்.

சூப்பர் மார்க்கெட்டில் சாமான் தள்ளும் வண்டியைக் கவனித்திருக்கிறாயா? நாலு சக்கரத்தில் ஒன்று மட்டும் பைத்தியம் பிடித்தாற்போல் துடிக்கும். அதன் அச்சு, மேலே அது திரும்பும் முளைக்குப் பின்னால் தள்ளி இருக்கிறது. அதனால் போகிற திசையில் தானே இழுபட்டு நேராகும். மோட்டார் சைக்கிளிலும் அப்படித்தான், போர்க் சாய்ந்திருப்பதால் டயர் தரையைத் தொடும் இடம் ஹேண்டில் திரும்பும் அச்சின் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் விழும். வண்டி நேராகப் போவதற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். முளை தேய்ந்து லூசானால், நேராக வர வேண்டிய சக்கரம் நேரைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடும். திரும்பி வரும், மறுபடி தாண்டும். அதுதான் உதறல்.

நான் 34 வருஷம் பெரம்பூர் ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸில் பார்த்த வேலையும் கிட்டத்தட்ட இதுதான். ரயில் சக்கரத்தின் ஓடுபரப்பு தட்டையாக இருக்காது, லேசாகக் கூம்பு மாதிரி சரிந்திருக்கும். தண்டவாளத்தின் நடுவில் தானே வந்து நிற்பதற்காக அந்தச் சரிவு. தேய்ந்து அதன் வடிவம் மாறிவிட்டால் பெட்டி இடமும் வலமும் அலையும். ஹண்டிங் என்போம். புதுச் சக்கரத்தில் பெரிய வேகத்தில்கூட வராதது தேய்ந்த சக்கரத்தில் சின்ன வேகத்திலேயே வந்துவிடும். ஸ்பிரிங்கை மாற்று, டாம்பரை மாற்று என்று அடித்துக்கொள்வதற்கு முன்னால் கேஜை எடுத்துச் சக்கரத்தை அள என்பார் எங்கள் சார்ஜ்மேன். ஆகவே நீயும் டயரில் ஆரம்பி. காசே செலவில்லை.

காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால், டயர் சூடாகாமல் இருக்கும்போது காற்றைப் பார். பங்க்கில் இருக்கும் மீட்டரை நம்பாதே, சொந்தமாக ஒரு கேஜ் வாங்கிக்கொள். அப்புறம் முன் டயரின் மேல் உள்ளங்கையை வைத்து முன்னோக்கித் தடவு, பின்னோக்கித் தடவு. ஒரு பக்கம் வழுவழு என்றும் மறுபக்கம் ரம்பம் மாதிரியும் இருந்தால் டயர் படிக்கட்டு மாதிரி மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். வேகம் குறையும்போது 60, 70-ல் உதறல் வருவதற்கு இது ஒன்றே போதும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். உன் முன் டயரில் 3117 என்று இருக்கும், நான் போட்டதுதான். 2017-ன் 31-வது வாரம். பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் ரப்பர் கெட்டித்துப் போயிருக்கும். அதை எப்படியும் மாற்றத்தான் வேண்டும், ஆனால் உடனே மாற்றாதே. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சென்டர் ஸ்டாண்டு போட்டு, எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்கு. ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியையும் தட்டு. டிங் என்றால் சரி, தொப் என்றால் லூசு. போர்க்கில் ஒரு பென்சிலைக் கட்டி, ரிம்மை ஒட்டி நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றினால் ரிம் பெண்டு இருந்தால் தெரிந்துவிடும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டு, பிறகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். எப்படிப் பிடித்தாலும் ஆடினால் பேரிங்.

இப்போது கோன்செட். இதைத்தான் உனக்கு எழுதவே உட்கார்ந்தேன்.

சக்கரம் தூக்கியே இருக்கட்டும். போர்க்கின் இரண்டு காலையும் கீழே பிடித்து முன்னும் பின்னும் இழு. டொக் என்றால் லூசு. அப்புறம் ஹேண்டிலை நடுவில் வைத்து, ஒரு விரலால் லேசாகத் தள்ளு. தானாகவே ஒரு பக்கம் சாய்ந்து கடைசி வரை போக வேண்டும். போகாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் டைட்டு. நேராக இருக்கும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்த மாதிரி பிடித்துக்கொண்டால் ரேஸில், அதாவது பேரிங் குண்டுகள் உருளும் வளையத்தில், குழி விழுந்துவிட்டது. என் கணக்கில் நீ அந்தப் பள்ளத்தைத்தான் பார்ப்பாய்.

2015 டிசம்பரில் நாம் ஜாபர்கான்பேட்டையில் இருந்தோம். அடையாற்றுத் தண்ணீர் தெருவுக்குள் வந்த ராத்திரி உனக்கு நினைவிருக்கும். மாடி வீட்டுக்காரர்கள் நமக்கு இடம் கொடுத்தார்கள், வண்டிக்கு யார் கொடுப்பார்கள்? பெட்ரோல் டேங்க் வரை முழுகிக் கிடந்தது. தண்ணீர் வடிந்தபின் எஞ்சின் ஆயிலை மூன்று தடவை ஊற்றி ஊற்றி வடித்தேன். கார்புரேட்டரைப் பிரித்தேன். இரண்டு சக்கரத்துக்கும் புது பேரிங் போட்டேன். கோன்செட்டை மட்டும் பிரிக்கவில்லை. ஹேண்டில், விளக்கு, கேபிள் எல்லாம் கழற்ற வேண்டும், ஒரு நாள் வேலை. திரும்புகிறதே, போதும் என்று விட்டுவிட்டேன். கீழ் ரேஸில்தான் எடை முழுவதும் உட்காரும், தண்ணீரும் சேறும் தங்குவது அங்கேதான்.

மூன்று வருஷம் கழித்து ஸ்பீடு பிரேக்கரில் டொக் டொக் என்று சத்தம் வந்தது. மேல் நட்டைக் கால் சுற்று முறுக்கினேன், சத்தம் நின்றது. நீ பெங்களூர் வேலை கிடைத்ததும் "வண்டியை எனக்குக் கொடுப்பா" என்று கேட்டாயே, அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை இன்னொரு கால் சுற்று. நீ ஓட்டிப் பார்க்கும்போது டொக் என்று கேட்கக் கூடாது என்பதற்காக. திருவொற்றியூர் என்ஃபீல்டு பேக்டரியில் பிறந்த வண்டி, நானே பார்த்துப் பார்த்து வைத்திருந்த வண்டி என்று உன்னிடம் பெருமை அடித்தேன் இல்லையா, அந்தப் பெருமைக்குப் போட்ட முறுக்கு அது.

சில்க் போர்டு டிராபிக்கில் மெதுவாகப் போனால் வண்டி பாம்பு மாதிரி வளைகிறது, நேராகவே நிற்க மாட்டேன் என்கிறது என்று நீ பெங்களூர் போன புதிதில் சொன்னாய். "ஓட்டப் பழகு முதல்ல" என்று சிரித்தேன். கோன்செட் டைட்டாக இருந்தால் அப்படித்தான் வளையும், பாப்பா. எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தது என்றுகூடச் சொல்லலாம்.

ஆகவே டாம்பர் வாங்காதே. ஒழுகுகிற கூரைக்குக் கீழே பாத்திரம் வைக்கிற கதை அது. நான் ஏற்கெனவே ஒரு பாத்திரம் வைத்துப் பார்த்தாயிற்று.

வால் ஆட்டத்துக்கு வருவோம். அதற்கு முதல் சந்தேகம் உன் அம்மா மேல். பின் பெட்டியில் இட்லி அரிசி 10 கிலோ, ஊறுகாய், அதற்கு மேல் ஏதோ டப்பா. அந்தப் பெட்டி பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. சீசா பலகையில் கடைசியில் உட்காருகிற பையன் மாதிரி, பின்னால் அமுக்கி முன் சக்கரத்தைத் தூக்கிவிடும். நீயும் ஹேண்டிலில் பெரிய கண்ணாடித் தடுப்பு மாட்டியிருக்கிறாய். லாரிக் காற்று அதில் மோதும்போது நேராக ஸ்டியரிங்கைத்தான் பிடித்து ஆட்டும். இரண்டையும் ஒவ்வொன்றாகக் கழற்றி ஓட்டிப் பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். அரிசி பெங்களூரிலும் விற்கிறார்கள் என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். என்னையே முறைத்தாள்.

2006-ல் ஈசிஆரில் பாண்டிச்சேரி போனபோது எனக்கும் இது வந்தது. மரக்காணம் உப்பளத்துப் பக்கம், அம்மா பின்னால், பை அதற்கும் பின்னால். "ஏங்க, கப்பல்ல போற மாதிரி இருக்கே" என்றாள். நிறுத்திப் பார்த்தால் இடது ஷாக்கை மூன்றாம் படியிலும் வலதை இரண்டிலும் வைத்திருந்தேன். உன்னுடையதும் இரண்டும் ஒரே படியில் இருக்கிறதா என்று பார். சீட்டை அமுக்கிவிட்டால் ஒரு தடவை எழும்பி நின்றுவிட வேண்டும். ரப்பர் பந்து மாதிரி இரண்டு மூன்று தடவை ஆடினால் உள்ளே ஆயில் போய்விட்டது.

ஸ்விங் ஆர்ம் புஷ்ஷுக்கு, பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளி இழு. சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங், ஆர்மும் சேர்ந்து ஆடினால் புஷ். செயின் டைட் பண்ணும்போதெல்லாம் அட்ஜஸ்டர் கோட்டை மட்டும் பார்த்துச் சக்கரத்தை நேர்படுத்தியிருப்பாய். 20 வருஷத்து வண்டியில் அந்தக் கோட்டை நம்பாதே. தூண்டில் நரம்பைப் பின் டயரைச் சுற்றிக் கொண்டுவந்து, இரண்டு பக்கமும் முன் சக்கரத்தைத் தாண்டி இழுத்துப் பிடி. முன் டயர் ஒல்லி, அதனால் இரண்டு பக்கமும் இடைவெளி இருக்கும். அது சமமாக இருக்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் சொல்கிறபடி செய். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றிவிட்டு அதே ரோட்டில், அதே வேகத்தில் ஓட்டி, நோட்டில் எழுது. டயரை உடனே மாற்றாதே என்றது இதற்குத்தான். புது டயர் போட்டால் உதறல் கொஞ்சம் அடங்கும், நீயும் சரியாகிவிட்டது என்று இருந்துவிடுவாய். குழி விழுந்த ரேஸ் உள்ளேயே இருக்கும். இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், அதே வேலையைத்தானே நான் செய்தேன்.

எப்போதாவது ஓடும்போது உதறினால் பிரேக்கைப் பிடிக்காதே, ஹேண்டிலை நெரிக்காதே. முட்டியால் டேங்கை இறுக்கிக்கொண்டு, உடம்பை முன்னால் சாய்த்து, ஆக்சிலேட்டரை மெல்ல விடு. கையை விட்டுச் சோதித்துப் பார்க்கிற வேலையெல்லாம் வேண்டாம்.

ஓடும்போது என்றுதான் எழுதினேன், ஆனால் கோன்செட் மாற்றும் வரை நீ வண்டியை எடுக்கவே கூடாது. இந்த வாரம் ஆபீசுக்கு பஸ்ஸில் போ. அதுவரை மற்றதையெல்லாம் நிற்க வைத்தே பார்த்து எழுதி வை. நேற்றே ஜி.பி. ரோட்டுக்குப் போய் மேல் ரேஸ், கீழ் ரேஸ், பேரிங் குண்டு எல்லாம் வாங்கி வந்துவிட்டேன். சனிக்கிழமை பிருந்தாவனில் வருகிறேன். நீ பக்கத்தில் இருந்து குண்டுகளை எண்ண வேண்டும், எத்தனை எடுக்கிறோமோ அத்தனை திரும்பப் போக வேண்டும். 300 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு தடவை டைட் பார்க்க வேண்டும், அதையும் உனக்குக் காட்டித் தருகிறேன்.

அம்மா மாவடு ஜாடியைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். கிரீஸ் டப்பாவோடு ஒரே பையில் வைக்கக் கூடாதாம். தனிப் பை தேடிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா