இலையில் ஓட்டை விழட்டும்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ அனுப்பிய தோட்டத்துப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டிகள் வரிசை பிசகாமல் நிற்கின்றன. தரையில் ஒரு சருகு இல்லை. இலைகளில் ஓர் ஓட்டைகூட இல்லை. "தானியம் வைத்துப் பார்த்தும் ஒரு குருவி வரவில்லை அப்பா" என்று எழுதியிருக்கிறாய். குறை தானியத்தில் இல்லையம்மா, அந்தச் சுத்தத்தில்தான் இருக்கிறது.

விதை கொத்தித் தின்னும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்கு முதல் சில நாட்கள் விதை ஊட்டுவதில்லை. மெத்தென்ற புழுவும் பூச்சியும்தான் கொடுக்கும். பறவைக்காகச் செடி வைக்கிறவர்கள் முதலில் புழுவுக்காகச் செடி வைக்க வேண்டும். இதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். நீ சிறுமியாக இருந்தபோது நம் எலுமிச்சைத் தளிரையெல்லாம் பச்சைப் புழுக்கள் மொட்டையடித்தன. நான் மருந்து அடித்தேன். பக்கத்துச் செடியில் தையல்சிட்டு இலைகளை நாரால் தைத்துக் கூடு கட்டியிருந்தது. மூன்றாம் நாள் நீ எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "குஞ்சுகள் வாயே திறக்கவில்லை" என்றாய். மருந்துதான் காரணம் என்று நான் சாதிக்க முடியாது. ஆனால் அந்தக் குப்பியை அதன்பிறகு தொடவில்லை.

எந்தச் செடி வைப்பது என்று கேட்டிருந்தாய். நீ இருக்கும் மண்ணில் தானாக முளைத்து வளர்வது எதுவோ அதை வை. புழுக்களில் பலவும் தமக்குப் பழகிய சில செடிகளை மட்டுமே தின்னும். தொலைவிலிருந்து கொண்டுவந்த அழகுச்செடியை முகர்ந்துகூடப் பார்க்காது. "இதற்குப் பூச்சியே வராது" என்று சொல்லி விற்கும் செடியால் பறவைக்கு என்ன லாபம்? உண்ணிச்செடியை மட்டும் யார் கொடுத்தாலும் வாங்காதே. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த அது, பறவைகள் தின்று எச்சமிட்ட விதையாலேயே பல நாடுகளின் காடுகளில் புகுந்துவிட்டது.

தேனுக்காக வரும் பறவைகளுக்குக் குழல்போல் நீண்ட சிவப்புப் பூக்கள் வை. அந்தப் பறவைகளுக்கு வாசனை பெரிதில்லை, நிறம்தான் அழைப்பு. தேனீயின் கண்ணுக்குச் சிவப்பு அவ்வளவாக எடுபடாது. அதனால் அந்தப் பூக்களில் தேன் பறவைக்கு மிஞ்சும்.

ஒளிந்துகொள்ள இடம் இல்லாத தோட்டத்தில் பறவை இறங்காது. ஒரு மூலையில் முள்ளுள்ள புதர் அடர்த்தியாக வளரட்டும். இன்னொரு மூலையில் புல்லை வெட்டாமல் கதிர்விட விடு. புல்விதை தின்னும் சில்லைக் குருவிகள் தேடி வரும். சருகைக் கூட்டித் தள்ளாதே. தவிட்டுக்குருவிகள் கும்பலாக வந்து, ஒவ்வோர் இலையாகப் புரட்டிப் போட்டுச் சண்டையிடுவதை நீ பார்க்க வேண்டும்! கூடு கட்டும் காலத்தில் கத்தரிக்கோலை எடுக்காமல் இருந்தால் போதும்.

தண்ணீருக்கு அகன்ற மண்தட்டு நல்லது. ஆழம் 5 சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டாம். தினமும் மாற்று. பூனை பதுங்கக்கூடிய புதரிலிருந்து 3 மீட்டராவது தள்ளி வை.

படத்தில் பெரிய கண்ணாடி ஜன்னல் ஒன்று தெரிகிறது. அதில் தெரியும் மரத்தை உண்மை மரமென்று நம்பிப் பறவைகள் மோதிச் சாகும். மற்றதெல்லாம் மெல்ல நடக்கட்டும், இதை இந்த வாரமே செய்: கண்ணாடியின் வெளிப்பக்கம் முழுவதும் 5 சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளிகள் ஒட்டிவிடு.

ஒரு மாதத்தில் எதுவும் வராமல் போகலாம். மனம் தளர்ந்து செடியைப் பிடுங்கிவிடாதே. விடியற்காலையில் கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்திரு. முதலில் எது வந்தது என்று எனக்கு எழுது.

இன்று காலை நம் எலுமிச்சையில் 11 புழுக்களை எண்ணினேன். மாலையில் 4தான் இருந்தன. தையல்சிட்டு வந்து வந்து போனதைத் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்புடன்,
அப்பா