அப்பத்தாவுக்கு வைத்த ஸ்டென்ட்

அன்புள்ள முத்துவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று போனில், "ஸ்டென்ட் இதயத்துக்கு வைக்கிறதுதானே, அப்பத்தாவுக்கு எதற்கு?" என்று கோபப்பட்டாய். அப்பத்தா பக்கத்துக் கட்டிலில் விழித்திருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. ஸ்டென்ட் என்பது அடைபட்ட குழாயை உள்ளேயிருந்து விரித்துப் பிடிக்கிற கம்பி வலைக் குழாய், அதை உணவுக்குழாயிலும் வைப்பார்கள். உன்னிடம் வெறும் புண் என்று சொல்லி வைத்தது என் தப்பு. உணவுக்குழாயின் அடிப்பகுதியில் புற்று, தம்பி. மஸ்கட்டில் தனியாக இருப்பவனிடம் எப்படிச் சொல்வது என்று தள்ளிப் போட்டேன்.

மூன்று மாதமாகவே இட்லி கூட நெஞ்சில் நிற்கிறது என்றார். வயசாகிவிட்டது, அதனால்தான் என்று இருந்துவிட்டோம். சோர்வுக்கு ஓரிடத்தில் காட்டி இரும்புச்சத்து மாத்திரை வாங்கினோம். அந்த மாத்திரைக்கு மலம் கருப்பாகத்தான் போகும். அதனால் தார் மாதிரி போனபோதும் நாங்கள் பயப்படவில்லை. அது உள்ளே கசிந்த ரத்தம். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு ஆறவில்லை. ஒரு விடியற்காலை ரத்தமாகவே வாந்தி எடுத்தார். உசிலம்பட்டியிலிருந்து 108-ல் மதுரைக்குக் கொண்டு போனபோது ஹீமோகுளோபின் 5.4-தான், ரத்தம் அவ்வளவு குறைந்திருந்தது.

வாய் வழியாக எண்டோஸ்கோப்பிக் குழாயை உள்ளே விட்டுப் பார்த்து, ஆர்கான் வாயு வழியாக மின்சாரம் பாய்ச்சிக் கசிந்த இடத்தைச் சுட்டார்கள். மூன்று நாள் நின்றது, நாலாம் நாள் மறுபடியும் ரத்தம். டாக்டரம்மா என்னை உட்கார வைத்துச் சொன்னார்: சாதாரணப் புண் என்றால் ஒரு ரத்தக்குழாய்தான் வடியும், கிளிப் போட்டு நிறுத்திவிடலாம். புற்றுக்கட்டி அப்படியில்லை, மேல்பரப்பு முழுக்கத் தொட்டாலே கசியும், கிளிப் பிடிக்கச் சதை நிற்காது. அதனால் மேலே உறை போட்ட ஸ்டென்ட்டை உள்ளே விரித்து, வெட்டுக்காயத்தில் துணியை வைத்து அழுத்திப் பிடிப்பதுபோல் கட்டியைச் சுற்றிலும் அழுத்தலாம் என்றார். அடைப்பும் திறக்கும். ஸ்டென்ட்டை முக்கியமாக அடைப்புக்குத்தான் வைப்பார்கள், ரத்தத்துக்கு எல்லோருக்கும் இதைச் செய்வதில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். இரைப்பை மாதிரி அகலமான இடமாக இருந்தால் சுவரில் பதிந்து அழுத்தாதாம். கதிர்வீச்சு கொடுத்தாலும் ரத்தம் நிற்கும், ஆனால் அதற்கு நாள் பிடிக்கும். எங்களுக்கு அந்த நாள் இல்லை.

இதயத்துக்கு வைப்பது 3 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். இது விரிந்தால் 2 சென்டிமீட்டர். நிக்கலும் டைட்டானியமும் கலந்த கம்பி வலை. சுருக்கி உள்ளே அனுப்பினால் உடம்புச் சூட்டில் தானே விரிகிறது. முழுதாக விரிய ஓரிரு நாள் ஆனது, அதுவரை நெஞ்சு வலி என்று அழுதார். அப்புறம் அடங்கியது. ரத்தமும் நின்றது.

ஆனால் இது புற்றைக் கரைக்காது. உறை இருப்பதால் சதையோடு ஒட்டாமல் நழுவவும் கூடும், கட்டி ஸ்டென்ட்டுக்கு மேலேயும் கீழேயும் வளர்ந்து மறுபடி அடைக்கவும் கூடும். மலம் கருத்தால் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள். சென்னைக்குக் கொண்டு போகலாம், ஆபரேஷன் செய்யலாம் என்று நீ சொன்னதையும் கேட்டேன். ஈரலுக்கும் பரவிவிட்டது, இந்த உடம்பு தாங்காது என்கிறார் டாக்டரம்மா. எனக்கும் அப்பத்தாவை இனி அலைக்கழிக்க மனசில்லை.

இப்போது கஞ்சி, குழைத்த சோறு, மசித்த இட்லி எல்லாம் இறங்குகிறது. உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், சாப்பிட்ட கையோடு படுக்கக் கூடாது. தலைமாட்டில் கட்டில் காலுக்குச் செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறேன். நார் இருக்கிற பண்டம் சிக்கிக்கொள்ளும் என்பதால் பனங்கிழங்கு கிடையாது. வெற்றிலை புகையிலையை அவரே கேட்பதில்லை.

டாக்டரம்மா நாள் கணக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தீபாவளிக்கு வருகிறேன் என்று இருக்காதே, இந்த மாதமே லீவு கேள். டிக்கெட் பணத்தை நான் போட்டுவிடுகிறேன்.

நீ அனுப்பிய பேரீச்சம்பழத்தை உன் அம்மா கொட்டை எடுத்து, ஊற வைத்து அரைத்துப் பாலில் கரைத்துக் கொடுக்கிறாள். "முத்து அனுப்பினதா?" என்று தினமும் கேட்டுவிட்டுத்தான் குடிக்கிறார்.

அன்புடன்,
அப்பா